அரக்கு உறையில் மே பதினேழு

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த வரிசையில் மூன்றாவதாக வைத்து எண்ணத்தக்க மாபெரும் நிகழ்வொன்று, இரண்டாயிரத்து நாற்பத்தைந்தாம் ஆண்டு தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, பெருங்குவளைக் கண்மாயின் வடகரையில் நடந்தேறியது. நேரத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு ராகுகாலம் ஒன்றரைக்குத்தான். தண்ணீரின் எதிர்காலத்தை மணி, நிமிடச் சுத்தமாகச் சொல்லப்போகிற இயந்திரத்தைத் தொடங்கிவைக்க, தினசரி காலண்டரைப் பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தார்கள்.

இயந்திரம் இருந்த கட்டடத்துக்கு ஒருங்கிணைந்த பல்துறை நன்னீர்ச் சூழல் மாற்ற முன்கணிப்பு உயராய்வு மையம் என்று பெயர். பலகை கட்டடத்தின் முகப்பைவிட நீளமாகிவிட்டது. எனவே 'மையம்' மட்டும் முனை திரும்பி, கழிப்பறைச் சுவரில் இருந்தது. ஊர்க்காரர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. 'குறி ஆபீஸ்' என்று முடித்துக்கொண்டார்கள்.

இயந்திரத்துக்கு 'முக்காலம்' என்று பெயர் வைத்தவர் மைய இயக்குநர் பேராசிரியர் பிரணதார்த்தி. நீரியல் நிபுணர். தொடக்க விழாவில் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அதில் 'முன்னுதாரணம் அற்ற' என்ற சொல் இருபத்திரண்டு முறை வந்தது. எண்ணிக்கொண்டிருந்தவர் மீனியல் ஆய்வாளர் டாக்டர் செண்பகவல்லி. நாற்பத்தேழு வயது. இதுபோன்ற விழாக்களில் அவருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

பேச்சு முடிந்ததும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவி இருளாயி எழுந்து நின்றார். கண்மாயை நம்பியிருக்கும் நூற்று நாற்பது குடும்பத்துக்கும் அவர்தான் வாய்.

"ஐயா சொன்னது ஒண்ணும் வெளங்கல. இந்தப் பொட்டி என்னதான் பண்ணும்?"

சமூகவியல் ஆய்வாளர் ஜெரால்டு, ஒல்லியான மனிதர், மக்களோடு பேசுவது தன் துறை என்பதால் முன்னே வந்தார். "கோடையில தண்ணி வத்தும். பாசி பெருகும். காத்தில்லாத மேகமூட்டமான நாள்ல, விடியறதுக்குள்ள பாசியே தண்ணியில இருக்கற பிராணவாயுவைக் குடிச்சுடும். மீனுக்கு மூச்சு முட்டும். அது என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு பத்து நாள் முன்னாடியே இது சொல்லிடும்."

"சொன்னா?"

"மேலணையில இருந்து வாய்க்கால்ல புதுத்தண்ணி திறந்துவிடலாம். நீங்களும் கொஞ்சம் மீனை முன்கூட்டியே பிடிச்சுக்கலாம்."

"அதுக்குக் கண்மாயோட குணம் தெரியணுமில்ல? மனுசங்க குணமும் தெரியணும்."

"எல்லாம் உள்ள போட்டிருக்கோம்க்கா. நீங்க எப்ப வலை வீசுவீங்க, பொறியாளர் ஆபீஸ்ல ஃபைல் எத்தனை நாள் தூங்கும், எல்லாம். எங்க ஆபீஸ் ஆளுங்களையும் சேர்த்துத்தான் போட்டிருக்கோம். அதான் பல்துறை."

இருளாயி பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "பாவம், ரொம்பத்தான் தெரிஞ்சுவெச்சிருக்கு" என்றார்.

முக்காலம் பொய் சொல்லவில்லை. முதல் எச்சரிக்கை அந்தச் சித்திரையிலேயே வந்தது. மையம் கடிதம் அனுப்பியது. வாய்க்கால் பொறியாளர் சந்திரபோஸ் மதகைத் திறந்தார். சங்கத்தார் பாதி மீனைப் பிடித்தார்கள். குறித்த நாள் வந்தது. தண்ணீரில் மூச்சு இருந்தது. மிச்ச மீன் பிழைத்தது. ஐப்பசியில் இரண்டாவது எச்சரிக்கை. அடுத்த சித்திரையில் மூன்றாவது. மூன்று முறையும் கடிதம் போனது, தண்ணீர் வந்தது, மீன் பிழைத்தது.

செண்பகவல்லிக்கு வாழ்நாளில் முதல்முறையாகத் தன் படிப்பால் யாருக்கோ பிரயோசனம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது மூன்றாவது முறைக்குப் பிறகு வந்த சரிபார்ப்புக் குழுவின் அறிக்கை வரைக்கும் இருந்தது.

குழு தொலைதூர நகரம் ஒன்றிலிருந்து கண்மாயைப் பார்க்காமலே வேலை செய்தது. அதன் படிவத்தில் இரண்டே கட்டம். கணிக்கப்பட்டது நிகழ்ந்ததா? ஆம், இல்லை. மூன்று முறையும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்கள். பாசி நிறம், நாற்றம் என்று சில்லறைக் கணிப்புகள் பலித்ததால் கொஞ்சம் மானம் மிஞ்சியது. மொத்தத் துல்லியம் நாற்பத்தொரு விழுக்காடு. வாசலில் இருந்த மின்பலகையில், வெளிப்படைத்தன்மை கருதி, '41' என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. ஐம்பதுக்குக் கீழே போன மையங்களை மூடிவிடுவது வழக்கம் என்று அறிக்கையின் கடைசி வரி அன்போடு நினைவூட்டியது.

"சார், பலிக்கவிடாமப் பண்ணத்தானே சொன்னோம்!" செண்பகவல்லி இயக்குநர் மேஜைமேல் அறிக்கையை வைத்தார்.

பிரணதார்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் உவமை வரப்போகிறது என்று அர்த்தம். "ஒரு டாக்டர் 'இந்த நோயாளி வெள்ளிக்கிழமை செத்துப்போவார்'னு சொல்றார். அப்புறம் ஊசி போட்டுப் பிழைக்க வெச்சுடறார். அவர் சொன்னது சரியா, தப்பா?"

"அது வைத்தியம் சார்."

"நாம வைத்தியர்கள் இல்லை, செண்பகவல்லி. முன்கணிப்பாளர்கள்."

"அப்ப மீன்?"

"மீன் நமக்குக் கணக்குல வர்ற ஒரு மாறி, அவ்வளவுதான். முன்னுதாரணம் அற்ற நெருக்கடியில் இருக்கிறோம். அளக்கப்படும் பொருளை அளக்கிறவன் தொடக்கூடாது. நாம மூணு தடவை தொட்டுட்டோம்."

இரண்டு வாரத்தில் 'தொடாக் கொள்கை' வந்தது. முன்னுரை மட்டும் முப்பது பக்கம். சுருக்கம் இதுதான்: இனிமேல் முக்காலம் சொல்வதை யாருக்கும் சொல்லக்கூடாது. கணிப்புத்தாளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பக்கம். அந்தந்தத் துறையினர் அவரவர் பக்கத்தை மட்டும் படித்துக் கையெழுத்திடுவார்கள். எல்லாவற்றையும் பச்சை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரட்டைச் சாவி பீரோவில் பூட்டுவார்கள். குறித்த நாள் கழிந்த மறுநாள், ஐந்து சாட்சிகள் முன்னிலையில் திறந்து படிப்பார்கள். டீயும் மெதுவடையும் உண்டு.

அரக்கு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தபால் நிலையத்தில் கேட்டால் சிரித்தார்கள். கடைசியில் தேர்தல் காலத்து மிச்சம் ஒரு கட்டி, யார் யாரையோ பிடித்து வந்து சேர்ந்தது.

முக்காலத்தின் மதிப்பெண் அதற்குப்பின் ஏறத் தொடங்கியது. பாசி நிறம் மாறும் என்றது, மாறியது. நாற்றம் வரும் என்றது, வந்தது. வாசல் மின்பலகையில் மட்டும் பழைய '41' ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணை மாற்ற ஒரு டெண்டர் விடவேண்டும். அந்த ஃபைல் எங்கேயோ இருந்தது.

நாற்பத்தேழாம் ஆண்டு மே மாதம் ஏழாம் தேதி, தன் பக்கத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்த செண்பகவல்லி பேனாவைத் திறக்கவில்லை.

'மே 17. காலை 4.40. பிராணவாயு: பூஜ்யம். கட்லா, ரோகு, கெண்டை: முழு இறப்பு. விரால்: பிழைக்கும்.'

விரால் பிழைக்கும். அதற்குத் தலையை நீருக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கத் தெரியும். கீழே என்ன நடந்தாலும் மேலே வந்து தன் மூச்சைப் பார்த்துக்கொள்ளும் ஜீவன்களை அவர் மையத்தின் ஆலோசனைக் கூட்டங்களில் நிறையப் பார்த்திருந்தார்.

இந்த முறை கண்மாயில் இருந்தது சில்லறை மீன் இல்லை. மூன்று தடவை குஞ்சும் குளுவானுமாக அள்ளி விற்று அலுத்துப்போன சங்கத்தார், போன ஆனியில் புதுக் குஞ்சு விட்டுப் பதினோரு மாதம் வலையே வீசாமல் வளர்த்திருந்தார்கள். வருகிற ஆனியில் மீன் குத்தகை முடிகிறது. முழு மகசூல் எடுத்துக் காட்டாவிட்டால் கண்மாய் வெளியூர் கான்ட்ராக்டர் கைக்குப் போய்விடும். அதற்குப்பின் அந்த நூற்று நாற்பது குடும்பமும் தங்கள் கண்மாயிலேயே கூலிக்கு வலை இழுக்கலாம், கூப்பிட்டால்.

"சார், ஒரே ஒரு கடிதம்" என்றார் இயக்குநரிடம்.

"போன தடவை மாதிரியா? தண்ணி வந்து, மீன் பிழைச்சு, நாம மறுபடி ஐம்பதுக்குக் கீழ போகவா? மையமே இல்லாமப் போனா அடுத்த தடவை அந்த மீன்களை யார் கணிக்கிறது?"

"அடுத்த தடவை மீன் இருக்காது சார்."

"எனக்கும் வருத்தம்தான். வருத்தத்துக்குன்னு அறிக்கையில ஒரு பத்தி ஒதுக்கியிருக்கு. நீங்களே எழுதுங்க. உங்களுக்கு நல்ல நடை."

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் வேறு ஊரிலிருந்து ஒரு மீனியல்காரரை வரவழைத்துப் போட வைப்பார்கள். அப்படித்தான் அவர் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சாயங்காலமே பொறியாளர் சந்திரபோஸுக்குப் போன் போட்டார்.

"மேடம், எழுத்துல குடுத்தா இன்னைக்கே திறக்கறேன்."

"எழுத்துல குடுக்க முடியாது சந்திரபோஸ். நான் சொல்றேன், நம்புங்க."

"உங்களை நம்பறேன். தணிக்கைக்காரங்க உங்களை நம்பமாட்டாங்க. 'பேரிடர் ஏதும் நிகழாத நிலையில் மூன்று முறை நீர் திறந்தது ஏன்?'னு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கு. என்ன பதில் எழுதறது? தண்ணி திறந்ததாலதான் பேரிடர் நிகழலைன்னு எழுதினேன். 'நிகழாததற்கு ஆதாரம் இணைக்கவும்'னு திருப்பி அனுப்பிட்டான். நிகழாததுக்கு எங்க போய் மேடம் போட்டோ எடுக்கறது?"

ஏழு நாள் யோசித்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸை யோசித்தார், ரகசியக் காப்பு உறுதிமொழியை யோசித்தார். பதினான்காம் தேதி காலை நேராகக் கரைக்குப் போனார்.

இருளாயி இரண்டு பெண்களோடு வலையைக் கரையில் விரித்து அறுந்த கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா. என்ன, மொகம் மூணு நா காய்ச்சக்காரி மாதிரி இருக்கு?"

"அக்கா, நாளைக்கே வலையைப் போடுங்க. பதினேழாம் தேதி விடியக்காலம் நாலு நாற்பதுக்கு மூச்சு நிக்கப்போகுது. ஒண்ணு மிஞ்சாது."

வலையில் இருந்த கைகள் நின்றன. இருளாயி மட்டும் இன்னொரு கண்ணியை இழுத்துப் பார்த்தார். "நாலாவது வாட்டி."

"என்னது?"

"இப்படி நீங்க வந்து சொல்றது. மூணு வாட்டியும் அரைக்கிலோ தேறாத குஞ்ச அள்ளிக் கொண்டுபோயி, யாவாரிக கிட்ட அசிங்கப்பட்டு வித்தோம். கண்மாயில விட்டுவெச்ச மீனு எதாச்சும் செத்துச்சா? ஒரு கெளுத்தி செத்துச்சா?"

"சாகலைக்கா. ஏன் சாகலை? தண்ணி திறந்துவிட்டாங்க. நீங்க பாதி மீனை எடுத்ததால கூட்டம் குறைஞ்சுது. அதனாலதான் சாகலை."

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி சிரித்தாள். "எங்க ஊரு சோசியனும் இதத்தான் சொல்லுவான். பரிகாரம் பண்ணுனதால தப்பிச்சீகன்னு."

"நான் சோசியம் சொல்லலைம்மா. விஞ்ஞானம்."

"அப்ப கடுதாசி எங்க?" என்றார் இருளாயி. "முன்னெல்லாம் சிங்கம் போட்ட தாளுல கடுதாசி வருமே. அதக் குடுங்க. சங்கத்தக் கூட்டிப் படிச்சுக் காட்டி, இன்னைக்கே வலையப் போடுறேன். வாய்வார்த்தைய நம்பி ஒண்ணரைக் கிலோவுல வந்து நிக்கிற மீன அள்ளுனா, நூத்து நாப்பது குடும்பமும் என்னைய உசுரோட விடுமா? இன்னும் இருபது நா நின்னா ரெண்டு கிலோ."

"கடுதாசி குடுக்க முடியாதுக்கா. உறையில இருக்கு."

"எந்த உறையில?"

"பச்சை உறையில. பீரோவுல. பதினெட்டாம் தேதிதான் திறப்பாங்க."

இருளாயி வலையைக் கீழே போட்டார். கோபமாக இல்லை. ஒரு பச்சாதாபத்தோடுதான் பார்த்தார். "மீனு சாகப்போற தேதிய எழுதி, மீனு செத்த மக்யா நாத்தான் படிப்பீகளா?"

இந்தக் கேள்விக்குத் தொடாக் கொள்கையில் இடம் இல்லை. முப்பது பக்க முன்னுரையிலும் இல்லை.

"கோவிச்சுக்காதீக டாக்டரம்மா. நீங்க நல்லவுக. ஆனா அங்க பாருங்க." கண்மாய்க்கு அந்தப் பக்கம், மையத்தின் வாசலில், பட்டப்பகலிலும் சிவப்பாக '41' ஓடிக்கொண்டிருந்தது. "நூத்துக்கு நாப்பத்தொண்ணுன்னு நீங்களே விளக்குப் போட்டுல்ல வெச்சிருக்கீக. சோசியன்கூட அம்பதுக்கு மேல சொல்லுவான்."

அன்று மாலையும் போனார். மறுநாளும் போனார். பதினாறாம் தேதி மையத்தின் பரிசல் ஒன்றைக் கடத்தி, காற்றடிக்கும் மோட்டார் ஒன்றை அதில் ஏற்றித் தண்ணீரில் இறக்கினார். முந்நூறு ஏக்கர் கண்மாய்க்கு அந்த ஒரு மோட்டார், கல்யாணக் கூட்டத்துக்கு ஒரு கைவிசிறி போல இரைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மேகம் கட்டியது. காற்று நின்றது.

பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு அவர் கரைக்கு வந்தபோது, கண்மாய் வெள்ளையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வேட்டிகளை விரித்துக் காயப்போட்ட மாதிரி. கிட்டே போனால் எல்லாம் வயிறு. மோட்டார் இருந்த இடத்தைச் சுற்றி, ஒரு அறை அகலத்துக்கு மட்டும், கொஞ்சம் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

யாரும் அழவில்லை. நூற்று நாற்பது குடும்பமும் கரையில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இருளாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கட்லாவை இரண்டு கையாலும் தூக்கி வந்து செண்பகவல்லியின் காலடியில் வைத்தார்.

"நீங்க சொன்னது நெசந்தான் டாக்டரம்மா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இப்ப எவ்வளவு? அம்பதத் தாண்டிருமா?"

பதினெட்டாம் தேதி பத்தரை மணிக்கு உறை திறக்கப்பட்டது. சாட்சிகள் ஐவர். வடை சூடாக இருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள், நாற்றம் தாங்கவில்லை.

பிரணதார்த்தி அரக்கை உடைத்து, எழுந்து நின்று படித்தார். நீரியல் பக்கம், சரி. வேதியியல் பக்கம், சரி. மீனியல் பக்கம், நிமிடச் சுத்தமாகச் சரி. "முன்னுதாரணம் அற்ற..." என்று தொடங்கியவர் தொண்டை கரகரத்ததால் தண்ணீர் குடித்தார். பிறகு ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். சமூகவியல்.

'மே 14: மீனியல் துறையிலிருந்து எச்சரிக்கை கசியும். சங்கம் நம்பாது. காரணம்: வாசல் பலகை. மே 16: ஒரு மோட்டார் இறக்கப்படும். தாக்கம்: புறக்கணிக்கத்தக்கது.'

யாரோ கடித்த வடையை மெல்லாமல் வைத்திருந்தார்கள். எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். செண்பகவல்லி ஜெரால்டைப் பார்த்தார். ஏழாம் பக்கத்தின் அடியில் இருந்தது அவர் கையெழுத்து. தேதி, மே ஏழு.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் பக்கம் மேடம். படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போடணும்."

"நான் மூணு நாள் நாய் மாதிரி அலைஞ்சேன் ஜெரால்டு. பலகையாலதான் நம்பமாட்டாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பலகையோட ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டாவது போயிருப்பேன். நீங்களே அவங்ககிட்ட வந்து பேசியிருக்கலாம். உங்க பேச்சைக் கேட்பாங்க."

ஜெரால்டு வடைத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க போவீங்கன்னு போட்டிருந்துச்சு. அவங்க நம்பமாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. என்னைப் பத்தி அதுல ஒண்ணுமே போடலை மேடம்."

"போடலைன்னா?"

"நான் ஒண்ணும் செய்யமாட்டேன்னு அர்த்தம்."

பிரணதார்த்தி இருமினார். ரகசியம் கசிந்தது ஒழுங்கீனம்தான். ஆனால் கணிக்கப்பட்ட ஒழுங்கீனம் என்பதால் அது தரவுகளின் ஒரு பகுதி. அதற்கு நடவடிக்கை எடுத்தால் கணிப்பில் தலையிட்டதாகிவிடும். ஆகவே செண்பகவல்லிக்குத் தண்டனை இல்லை என்று தீர்ப்பானது. அவருடைய பெயர் மையத்தின் வருடாந்திர அறிக்கையில் 'மனிதக் காரணி' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரைபடத்தில் புள்ளியாக இடம்பெற்றது.

ஆனியில் குத்தகை கைமாறியது. ஆடியில் டெண்டர் முடிந்து, மின்பலகையில் '96' என்று பச்சையில் ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்கக் கரையில் வலைக்காரர்கள் யாரும் இல்லை. ஆவணியில் மையத்துக்கு விருது வந்தது. பிரணதார்த்தி ஒன்றரை மணி நேரம் பேசினார். செண்பகவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்ணவில்லை.

விருது விழா முடிந்த கையோடு பெருங்குவளைக் கண்மாய்க்கான அடுத்த பச்சை உறையைத் திறந்தார்கள். மீனியல் பக்கத்தில் ஒரே வரி: மாற்றம் ஏதுமில்லை.

அதுவும் பலித்தது.